சாவி எப்போ?

சிங்கப்பூரில் இளையர்கள் காதலைச் சொல்லும் விதம் பற்றி ஒரு பழைய வேடிக்கை உண்டு. "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்பதில்லையாம், "பிடிஓ போடலாமா?" என்பார்களாம். பிடிஓ என்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டப்போகும் புது வீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது. வீடு எழும்ப மூன்று நான்கு ஆண்டுகள். கொவிட் சமயத்தில் அதற்கும் மேலே போனது. முதல் கல்யாணம் செய்யும் மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள் என்று ஆண்டுதோறும் கவலைப்படுகிறார்கள். இருபத்தாறில் மனுப் போட்டவனுக்கு முப்பதில்தானே சாவி?

*

நம்மவர் வீடுகளில் இது தனிக்கூத்து. நிச்சயித்த ஜோடியாக விண்ணப்பித்தால், சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் பதிவுத் திருமணம் முடிந்திருக்க வேண்டும். எனவே முதலில் ஆர்ஓஎம் என்ற அந்தப் பதிவு. தாலி கட்டுவது மண்டபமும் சேமிப்பும் கூடிவரும்போது; சில வீடுகளில் ஓராண்டு கழித்து. அதுவரை சட்டப்படி கணவன் மனைவி, ஆனால் பையன் அவன் அம்மா வீட்டில், பெண் அவள் அம்மா வீட்டில். வீவக ஆடியில் சாவியைக் கொடுக்கும். பஞ்சாங்கம் ஆவணிவரை பொறு என்னும். "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று ஊரிலிருந்து வந்த அத்தை கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? உள்ளூர் அத்தைகள் விவரமானவர்கள். "சாவி எப்போ?" என்றுதான் கேட்கிறார்கள்.

*

கல்யாணம் பற்றிய கவலை புதிதல்ல. 1983 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, படித்த பெண்கள் பலர் மணமாகாமல் இருப்பதைப் பேசினார். தங்களைவிடக் குறைவாகப் படித்த பெண்களைத் தேடும் ஆண்களையும் சாடினார். அடுத்த ஆண்டே பட்டதாரிகளுக்காக எஸ்டியூ என்ற பிரிவு வந்தது. அரசாங்கமே தரகர்: நடனம், கப்பல் உல்லாசப் பயணம். பட்டதாரித் தாயின் பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமையும் தந்தார்கள். 1984 தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு பன்னிரண்டு விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் சரிய, அந்த முன்னுரிமை 1985இல் போயிற்று. அரசாங்கத்துக்கு ஜோடி சேர்க்கத் தெரிந்தது. இருவரும் வேலை முடிந்து வந்தபின் யார் சோறு வடிப்பது என்பதற்கு அந்தத் திட்டங்களில் பதில் இல்லை.

*

வீட்டை மட்டும் குற்றம் சொல்வதும் தப்பு. சாவியோடு கல்யாணத்தைக் கட்டிப்போடும் விதி ஜப்பானில் கிடையாது. ஆனாலும் 2020 கணக்கெடுப்பில், ஐம்பது வயதுவரை மணமே செய்யாத ஆண்கள் நூற்றுக்கு 28, பெண்கள் 18. தென்கொரியாவின் கருவள விகிதம் 2023இல் 0.72, சிங்கப்பூருக்கு 0.97. இந்த நாடுகளில் கல்யாணமாகாமல் பிள்ளை பெறுவது அரிது, அதனால் முகூர்த்தம் தள்ளினால் தொட்டிலும் தள்ளும்.

*

மணமாகாத தனியாள் வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அந்தக் கதவே 1991இல்தான் திறந்தது. வீவகவிடமிருந்து நேரடியாகப் புது வீடு 2013இலிருந்து, அதுவும் ஈரறை மட்டும். முப்பத்துநான்கு வயதுத் தாதி ஒருவர், ராத்திரி வேலை முடிந்து வந்து, தம்பி குடும்பத்துக்கு விட்டது போக மிச்சமிருக்கும் அறையில் தூங்குகிறார். அவர் கல்யாணத்துக்காகக் காத்திருக்கவில்லை, பிறந்தநாளுக்காகக் காத்திருக்கிறார்.

குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பது நியாயம்தான். ஆனால் இந்த 35 யாரையும் மணமேடைக்கு இழுத்து வந்ததாக 0.97 சொல்லவில்லை. இருபத்தெட்டாகக் குறைக்கலாம். உங்கள் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள், கார் நிறுத்துமிடப் புகாரோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.