இறக்கத்தை அடியிலிருந்து வரைகிறோம்

ரோலர் கோஸ்டர் முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லோரும் உச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். தண்டவாளம் வரையும் எங்களுக்கு வேலை அடிவாரத்தில் தொடங்குகிறது. எவ்வளவு உயரம் போகலாம் என்பதை அங்கே இருக்கும் வளைவுதான் முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சீடர் பாயின்ட் பூங்காவில் 2000ஆம் ஆண்டு திறந்த மில்லேனியம் ஃபோர்ஸையே எடுத்துக்கொள்ளலாம். முதல் இறக்கம் 300 அடி, ஏறத்தாழ 91 மீட்டர். சாய்வு 80 டிகிரி. உராய்வையும் காற்றையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் அடியில் வேகம் மணிக்கு 152 கிலோமீட்டர் வரும். அறிவிக்கப்பட்ட வேகம் 150. முதல் இறக்கத்தில் இழப்பு அவ்வளவு குறைவு.

அந்த வேகத்தை இனிச் சமதளத்துக்குத் திருப்ப வேண்டும். பயணியின் உடம்பில் 4 ஜிக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்துக்கொண்டால், அடிவளைவின் ஆரம் இறக்கத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 91 மீட்டருக்கு 61 மீட்டர். அதே ஆரத்தில் 80 டிகிரியிலிருந்து நிமிர்ந்து வரவே 50 மீட்டர் உயரம் செலவாகிவிடும். மேலே வேகம் குறைவு என்பதால் அங்கே வளைவை இறுக்கிக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். இரக்கமில்லாத கணக்கு இது. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 4 ஜி என்றால் 60 கிலோ ஆள் 240 கிலோவாக இருக்கையை அழுத்துகிறார். இரத்தம் காலை நோக்கி இறங்கும், நீடித்தால் கண் இருட்டும். ஆகவே எத்தனை ஜி என்பதோடு எத்தனை நொடி என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

அதைவிட முக்கியம், விசை எப்படி வந்து சேர்கிறது என்பது. நேர்த் தண்டவாளத்தோடு வட்ட வில்லை அப்படியே ஒட்டினால் முழு விசையும் ஒரே அடியாக உடம்பில் விழும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவுக்கு வந்த ஃபிளிப் ஃபிளாப் ரயில்வேயின் சுற்று வட்ட வடிவம்தான். ஏறியவர்களின் கழுத்து அதற்கு விலை கொடுத்தது. 1976இல் கலிஃபோர்னியாவின் ரெவல்யூஷன் கோஸ்டரில் ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் க்ளோதாய்டு வளைவைக் கொண்டுவந்தார். அதில் ஆரம் படிப்படியாகச் சுருங்கும். இறக்கத்தின் அடியிலும் இதே நியாயம்தான். சோதனை ஓட்டத்தில் தண்ணீர் நிரப்பிய டம்மிகளை உட்காரவைத்து, இருக்கையில் சென்சார் பொருத்தி ஓட்டுகிறோம். நல்ல வளைவென்றால் திரையில் கோடு மணல்மேடு போல ஏறி இறங்கும். ஆரம் சட்டென்று மாறிய இடத்தில் சின்னதாக ஒரு படி தெரியும். விரல் நகத்தளவு படிதான், ஆனால் கழுத்து அதைத் தவறவிடாது.

உச்சியில் சிக்கல் வேறு. முன்பெட்டி விளிம்பைத் தாண்டும்போது ரயிலில் பாதிக்கு மேல் இன்னும் பின்னால் இருக்கிறது. அதனால் முன்னால் இருப்பவர் தயங்கித் தொங்குகிறார். கடைசிப் பெட்டி விளிம்புக்கு வரும்போது ரயில் வேகம் பிடித்துவிட்டிருக்கும். பின்னால் இருப்பவர் இருக்கையை விட்டு எழும்புவார், அடிவயிறு கூசும். ஒரே வளைவு இருவருக்கும் ஒத்துவர வேண்டும். பெட்டியே எழும்பாமல் பிடிப்பவை தண்டவாளத்துக்கு அடியில் ஓடும் சக்கரங்கள். ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. இன்றைய கோஸ்டர்களின் துணிச்சல் எல்லாம் அந்தச் சக்கரத்தில் நிற்கிறது என்பேன்.

செங்குத்தையும் தாண்டி உள்நோக்கி மடியும் இறக்கங்களும் வந்துவிட்டன. ஜப்பானின் தகாபிஷா 121 டிகிரி. 2011இல் திறந்தபோது அது சாதனைதான். ஆனால் என் மனசு நீண்ட, சீரான அடிவளைவின் பக்கமே சாய்கிறது.

ஒரே இறக்கம் நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதும் இல்லை. காலைக் குளிரில் சக்கரமும் கிரீஸும் இறுகியிருக்கும். மதியத்துக்கு மேல் சூடேறி ரயில் வேகமெடுக்கும். அதனால் அடிவளைவை ஆள் நிறைந்த மாலை ரயிலுக்கும், அடுத்த மேட்டின் உயரத்தைக் காலியாக ஓடும் முதல் காலை ரயிலுக்கும் வரைகிறோம்.