பறிக்கப்பட்ட சாட்சியம்

துன்பப்பட்ட ஒருவர் தம் துன்பத்தை எடுத்துச் சொல்லும்போது கேட்பவர் நம்பாதிருப்பது கொடுமை. தாம் சொல்வதைத் தாமே நம்பமுடியாத நிலைக்கு அவரைக் கொண்டுவந்து விடுவது அதனினும் பெரிய கொடுமை. முதலாவது கொடுமை உலகெங்கும் உண்டு. இரண்டாவதை ஒரு தொழிலாக வளர்த்து, மாதக் கட்டணம் விதித்து நடத்திய நாடு ஐக்கிய அமெரிக்கா. வழிதவறிய இளைஞரைத் திருத்துவதாக விளம்பரம் செய்யும் வதிவிட நிலையங்களையே குறிப்பிடுகிறேன். அந்நிலையங்களிற் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றிலிருந்து வெளியேறியோரிற் பலர் இன்று ஐம்பது வயதையும் கடந்துவிட்டனர். ஆயினும் அவை அவர்களுள் தொடக்கிவைத்த வேலை இன்னும் முடியவில்லை.

கலிபோர்னியாவில், வளர்ந்தோருக்கான கல்வி நிலையம் ஒன்றில் நான் கணிதம் கற்பித்த காலத்தில், இத்தகைய இடமொன்றில் இரண்டாண்டுகள் வைக்கப்பட்டிருந்த ஆசிரியை ஒருவர் என்னுடன் பணியாற்றினார். அவர் பெயரும் அவ்விடத்தின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. தமது அனுபவத்தை எழுதலாம் என அவரே இசைந்தார். அவரை விளங்கிக்கொள்ள முயன்றபோதுதான் இத்தொழிலின் வரலாற்றை நான் தேடிப் படிக்க நேர்ந்தது.

அதன் வேர் 1958 ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு சாள்ஸ் டெடரிக் என்பவர் கலிபோர்னியாவில் ‘சினனொன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். போதைப்பொருளுக்கு அடிமையான வளர்ந்தோரை மீட்பதே அதன் நோக்கம் எனப்பட்டது. அங்கத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தம்முள் ஒருவரைக் குறிவைத்து, அவர் குறைகளைக் கூச்சலிட்டு ஏசுவர். ‘விளையாட்டு’ என்பது அதற்கு இட்ட பெயர். காலப்போக்கில் அவ்வமைப்பு ஒரு மதக்குழுவாக மாறியது. 1978 இல், தனக்கெதிராக வழக்காடிய சட்டத்தரணியின் கடிதப் பெட்டிக்குள் நச்சுப் பாம்பை வைக்குமளவுக்கு அது சீரழிந்தது.

அமைப்பு அழிந்தபோதும் அதன் முறை பிள்ளைகளிடம் இறங்கிவிட்டிருந்தது. 1967 இல் கலிபோர்னியாவில் ‘சீடூ’, 1970 இல் மேய்ன் மாநிலத்தில் ‘ஈலான்’, அதே ஆண்டில் புளோரிடாவில் ‘விதை’ என்று பொருள்படும் பெயருடைய நிலையம் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ‘விதை’யின் முறைகளை, வட கொரியர் கையாண்டதாகச் சொல்லப்பட்ட மூளைச்சலவைக்கு ஒப்பானவையென 1974 இல் செனற் சபையின் உபகுழுவொன்று கூறிற்று. இரண்டே ஆண்டுகளில், அதே புளோரிடாவில், ‘ஸ்ட்ரெயிட்’ என்ற பெயரில் அதன் வாரிசு தோன்றியது. ஜனாதிபதியின் மனைவி நான்சி றேகன் அதனைப் புகழ்ந்தார். 1985 இல் டயானா இளவரசியை அழைத்துச் சென்று காட்டினார். 1993 இல் அது மூடப்படும்வரை, பெரிய மனிதரின் பாராட்டுக்குப் பின்னாற் பிள்ளைகளின் முறைப்பாடு மறைந்து கிடந்தது. 1997 முதல் 2009 வரை ஜமேய்க்காக் கரையில் நடந்த ‘டிரான்குவிலிற்றி பே’யில், அமெரிக்கப் பிள்ளைகள் சொந்த நாட்டின் சட்டம் எட்டாத தொலைவில் வைக்கப்பட்டனர். முகங்குப்புறத் தரையிற் கிடப்பது அங்கே தண்டனை. இடத்தின் பெயருக்கோ ‘அமைதி விரிகுடா’ என்று பொருள்.

இவ்விடங்களிற் பலவற்றுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்றுண்டு. நள்ளிரவில், கூலிக்கு அமர்த்தப்பட்ட அந்நியர் இருவர் படுக்கையறைக்குள் வந்து பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோவர். பெற்றோர் முன்னரே கையொப்பமிட்டிருப்பர். சேர்ந்ததும், பேசுவதற்கும் சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கும்கூட அனுமதி வேண்டும். நற்புள்ளிகள் சேரச்சேர ஒவ்வொரு படியாக உயரலாம். ஒரு தவறுக்கு எல்லாம் பறிபோகும். தன் குற்றங்களைக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாதவன் ‘மறைக்கிறான்’. ஒப்புக்கொண்டவன் ‘இன்னும் முழுவதும் சொல்லவில்லை’. எனவே பிள்ளைகள் செய்யாத குற்றங்களையும் கற்பித்துச் சொல்லப் பழகினர். நண்பனைக் காட்டிக்கொடுப்பது முன்னேற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது.

இவ்வளவுக்கும் மூலக்கல்லாக இருந்தது மற்றொரு விதி. ‘உங்கள் பிள்ளை இங்கிருந்து தப்புவதற்காகப் பொய் சொல்லும், நம்பாதீர்கள்’ என்று பெற்றோருக்கு முதல்நாளே அறிவுறுத்தப்படும். கடிதங்கள் வாசிக்கப்பட்ட பின்னரே அனுப்பப்படும். நடப்பதற்கு ஒரேயொரு சாட்சி அப்பிள்ளை; அச்சாட்சி வாய்திறக்கு முன்னரே பொய்ச்சாட்சி எனத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. சட்டமும் பிள்ளைக்குத் துணை நிற்கவில்லை. பெற்றோர் தம் பிள்ளையை மனநோய் மருத்துவமனையிற் சேர்ப்பதற்கு முன் நீதிமன்ற விசாரணை தேவையில்லை, நடுநிலையான வைத்தியர் ஒருவரின் பரிசீலனை போதும் என 1979 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் சொல்லும் தனியார் நிலையங்களிற் பலவற்றில் அந்த வைத்தியரும் இருக்கவில்லை.

என் சக ஆசிரியை பதினைந்து வயதிற் கொண்டுபோகப்பட்டவர். நான் அறிந்தபோது அவருக்கு நாற்பது வயது. வகுப்பில் அவரைவிடத் தெளிவாகப் பாடஞ் சொல்பவர் எங்களுள் இல்லை. ஆனால் அதிபர் ‘பின்னேரம் ஒருமுறை வந்து பாருங்கள்’ என்று சாதாரணமாகச் சொன்னால், அன்று முழுவதும் அவரால் உணவு கொள்ள இயலாது. ஆசிரியர் கூட்டத்தில் யாராவது பாராட்டினால், அடுத்து வரப்போகும் ஏச்சை எதிர்பார்ப்பவர்போல விறைத்துப்போவார். பரீட்சைத்தாள்கள் ஒருமுறை காணாமற் போனபோது, விசாரணை தொடங்கு முன்னரே ‘என் கவனக்குறைவாக இருக்கலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தாள்கள் அலுவலக அலுமாரியிலேயே இருந்தன. தூங்கும்போது கட்டிலருகே சப்பாத்துகளை வைத்துக்கொள்வதாக ஒருநாள் சொன்னார். அன்று வெறுங்காலுடன் கொண்டுபோனார்களாம்.

இவை பார்ப்போர் கண்ணுக்குப் படுபவை. ஆபத்தானவை வேறு. விற்பனைக்காரன் எவனேனும் உறுதியான குரலிற் பேசினால் அவர் கையொப்பமிட்டுவிடுவார். தம்மை அடக்கியாண்ட ஒருவரோடு எட்டாண்டுகள் குடும்பம் நடத்தினார். அதை விட்டு வெளிவந்ததும், உடையையும் உணவையும்கூடத் தலைவரே தீர்மானிக்கும் பக்திக் குழுவொன்றிற் சேர்ந்தார். அறிமுகமானோர் சிலர், ‘படித்தவருக்கு இவ்வளவு ஏமாளித்தனமா?’ எனச் சிரித்தனர். ஏமாளித்தனம் என்ற சொல் இங்கே பொருந்தாது. ஆபத்தைக் கண்டு ‘இது சரியில்லை’ என உள்ளே எழும் குரலை, ‘அது உன் நோயின் குரல்’ என்று இரண்டாண்டுகள் இரவுபகலாகச் சொல்லி அடக்கியிருந்தார்கள். காவல்நாயைக் கொன்ற வீட்டிற் கள்வன் நுழைந்தால், வீட்டுக்காரரைப் பழிப்பது நியாயமா?

நீண்டகால அடிமைநிலையிலிருந்து மீண்டோரின் மனக்காயம், ஒரு விபத்திலிருந்தோ ஒரு தாக்குதலிலிருந்தோ மீண்டோரின் காயத்தினின்றும் வேறுபட்டது என 1992 இல் ஜூடித் ஹேர்மன் என்ற மனநோய் வைத்தியர் எழுதினார். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனியிடம் கிடைத்து, அப்பட்டியல் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அச்சம் நிறைந்த நினைவுகளுடன், உணர்ச்சியைக் கட்டுப்படுத்த இயலாமை, தான் மதிப்பற்றவன் என்ற நிலையான எண்ணம், பிறரோடு நெருங்க முடியாமை ஆகிய மூன்றும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. பெயர் கிடைத்தமை சிறு காரியமன்று. தமது குணக்கேடு என்று கருதியிருந்தது தமக்குச் செய்யப்பட்ட ஒன்றின் விளைவு என அறிவதே பலருக்கு முதற் சிகிச்சை.

‘அந்நிலையம் என் உயிரைக் காத்தது’ என்று நன்றியோடு சொல்வோரும் இருக்கின்றனரே என்பர் சிலர். இருக்கின்றனர், அவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் சக ஆசிரியையும் பதினேழு வயதில் விடைபெறும் விழாவில் அதே வார்த்தைகளைச் சொன்னவர். சொன்னால்தான் வெளியேறலாம் என்பதற்காகத் தொடங்கிய பேச்சு, சொல்லச்சொல்ல நம்பிக்கையாகி, பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. “எனக்கு எது வேண்டும் என்று சொல்லும்போது, அது என்னுடைய குரலா, அவர்கள் வைத்துவிட்டுப் போன குரலா என்று எனக்குத் தெரிவதில்லை” என்றார். அடியைவிட இதுவே அவருக்கு நெடுங்காலம் நொந்தது.

இதனை ஒருசில கொடியவரின் செயலென்று ஒதுக்கிவிட முடியாது. பெற்றோரின் அச்சம் இங்கே மூலப்பொருள். அடங்கிய பிள்ளை விற்பனைப் பண்டம். மகளைக் காப்பாற்றுவதாக எண்ணி, வீட்டை அடகுவைத்துப் பணம் கட்டியவர் அவருடைய தாயார். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளும் அரசாங்கப் பராமரிப்பிலுள்ள அநாதைகளும் பொதுப்பணத்திற் சேர்க்கப்படுகின்றனர். பெருங் கம்பனிகள் ஊழியரைக் குறைத்து, கட்டில்களை நிரப்பி, இலாபம் பெருக்குவதை 2024 ஜூனில் செனற் சபையின் நிதிக்குழு தன் அறிக்கையில் அம்பலப்படுத்தியது.

சட்டம் மெதுவாக நகர்கிறது. 2007 இல் அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம், ஆயிரக்கணக்கான துன்புறுத்தல் முறைப்பாடுகளைக் கண்டதாகக் காங்கிரசுக்கு அறிவித்தது. பிள்ளைகள் இறந்த பத்துச் சம்பவங்களை ஆராய்ந்து காட்டியது. 2008 இற் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதா செனற் சபையைத் தாண்டவில்லை. பெருஞ் செல்வக் குடும்பத்திற் பிறந்த பாரிஸ் ஹில்ரன், யூட்டா நிலையமொன்றில் தாம் பட்டதை உலகறியச் சொல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. பணமும் புகழும் உள்ளவர் வாய்க்கே அத்தனை பூட்டு! 2021 இல் அவரும் வேறு பலரும் சாட்சி சொன்ன பின்னர், ஆண்டுக்கு நான்கு தடவை பரிசோதனையையும் குடும்பத்துடன் தனிமையிற் பேசும் உரிமையையும் யூட்டா சட்டமாக்கியது. 2024 டிசெம்பரில் நாடு முழுவதற்குமான சட்டமொன்று வந்தது. அது ஆய்வு செய்யப் பணிக்கிறதேயன்றி எதனையும் தடைசெய்யவில்லை. சிறுவர் உரிமைச் சாசனத்தை ஏற்று உறுதிப்படுத்தாத ஒரே ஐக்கிய நாடுகள் உறுப்பு நாடும் அமெரிக்காவே.

என் சக ஆசிரியையைச் சிறிதளவேனும் மீட்டது சட்டமன்று. அதே காலத்தில் அங்கிருந்த வேறு நால்வரை அவர் கண்டடைந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிவைத்ததை ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தனர். அதே அறை, அதே தண்டனை, அதே ஏச்சு. ஐந்து குறிப்புகளும் ஒத்துப்போனதைக் கண்ட அன்றுதான், தமது நினைவு பொய்யன்று என அவர் முதன்முறையாக நம்பினார். தனித்தனியே உடைக்கப்பட்ட சாட்சியம் கூட்டாக நிமிர்ந்தது. அச்சம் நீங்கிவிடவில்லை, சப்பாத்துகள் இன்னும் கட்டிலருகேதான் இருக்கின்றன. ஆனால் இப்போது கையொப்பமிடுமுன் ஓர் இரவு தாமதிக்கிறார்.

ஆசிரியராகவும் ஆசிரியராகப் போகின்றவராகவும் இருக்கும் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அடங்கியிருக்கும் வகுப்பு நமக்கு வசதியானது. அதனாலேயே அது நல்ல வகுப்பு என எளிதில் நம்பிவிடுகிறோம். நம்மைப் பற்றி ஒரு பிள்ளை முறையிட வந்தால், அம்முறைப்பாடு பிழையாகவும் இருக்கலாம். பிழையானால் விசாரித்துக் காட்டலாம்; அதற்கு வழியுண்டு. ஆனால் கேட்கு முன்னரே ‘இவன் பொய்யன்’ என்று சொல்லிவிட்டால், அப்பிள்ளை தன் வாழ்நாள் முழுவதும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளப்போகும் வாசகத்தை நாமே எழுதிக் கொடுத்தவர்களாவோம்.