எழுதுதலும் படித்துப் பார்த்தலும்

குறுந்தகட்டில் பதிவதை ஆங்கிலத்தில் எரித்தல் என்பார்கள். நாம் எழுதுதல் என்கிறோம். இரண்டும் பொருந்தும். தகட்டில் பூசிய சாயத்தை 780 நானோமீட்டர் அலைநீள லேசர் சுட்டு அடையாளமிடுகிறது. அவ்வடையாளங்களே எழுத்து. சூடு மிகினும் குறையினும் எழுத்து கெடும்.

2006இல் என் பாட்டியின் தாலாட்டுகளை ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு ஏற்றி, குறுந்தகட்டில் எழுத முற்பட்டேன். பாட்டி அப்போது காலமாகியிருந்தார். நாடாவோ இன்னொரு முறை ஓட்டத் தயங்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. லினக்ஸில் சிடிரெக்கார்ட் என்னும் கட்டளைவரி மென்பொருளைக் கையாண்டேன். அடுத்தடுத்து மூன்று தகடுகள் வீணாயின.

அழகிய சாளரங்கள் கொண்ட மென்பொருள்கள் பல, 'எழுத இயலவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். யோர்க் ஷில்லிங் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய சிடிரெக்கார்ட், தான் கண்டதையெல்லாம் திரையில் கொட்டிவிடும். பார்ப்பதற்குக் கரடுமுரடு, பொறுமையாகப் படித்தால் நம்பத்தக்க சாட்சி.

முதல் இரு தகடுகளில் பிழை, லேசர்த் திறனை அளக்கும் பகுதியில் என்றது. எழுதத் தொடங்குமுன் டிரைவ், தகட்டின் உட்புறத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட சிற்றிடத்தில் லேசரைச் சோதித்து, அத்தகட்டுக்கு எவ்வளவு திறன் தேவை என முடிவுசெய்யும். அச்சோதனையே தோற்றிருந்தது. மூன்றாவது தகடு பாதிவழியில் நின்றது. ஆனால் இடைத்தேக்க நினைவகம் ஒருமுறைகூடக் காலியாகவில்லை என்று இறுதி வரி சொன்னது. ஆகவே, கணினி தரவை அனுப்பத் தாமதித்தது என்ற ஐயம் அகன்றது.

லேசரை அணைத்துவிட்டு எல்லாப் படிகளையும் நடத்திப் பார்க்கும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. ஒத்திகை குறையின்றி முடிந்தது. எஞ்சியவை தகடும் லேசரும்தாம். வேறொரு தயாரிப்பாளரின் தகட்டை வாங்கி, வேகத்தை 52இலிருந்து 16ஆகக் குறைத்தேன். ஒரு மடங்கு வேகமென்பது நொடிக்கு 150 கிலோபைட்; 16 மடங்கு, 2400. எழுதி முடிந்தது.

முடிந்ததா? தகட்டைத் திரும்பப் படித்து எம்டி5 கூட்டுத்தொகையைக் கணக்கிட்டால், மூலத்தோடு பொருந்தவில்லை. அம்முறையில் எழுதும்போது தடத்தின் முடிவில் தரவில்லாத இரு துண்டங்கள் சேர்கின்றன. படிக்கும் கட்டளை அவற்றையும் தொட முயன்று இடறுகிறது. மூலக் கோப்பில் எத்தனை 2048 பைட் துண்டங்களோ அத்தனையை மட்டும் படிக்கச் சொன்னேன். இலக்கங்கள் ஒன்றுக்கொன்று பிசகாமல் பொருந்தின.

சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரின் உழைப்போடு இதை ஒப்பிடுவது மிகை. ஆயினும் நெறி ஒன்றே: படியெடுத்ததனால் மட்டும் எதுவும் காக்கப்பட்டதாகாது, மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

ஷில்லிங் 2021இல் மறைந்தார். மடிக்கணினிகளில் தகடு செருகும் இடமும் அநேகமாக மறைந்துவிட்டது. சாயமும் நிலையானதன்று, ஒளியிலும் வெப்பத்திலும் மங்கும். பழைய தகடுகள் வைத்திருப்போர் அவற்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாக நிறைவடைய வேண்டாம். இயங்கும் டிரைவ் கிடைக்கும்போதே ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க முடிந்ததை உடனே படியெடுங்கள். ஏடுகள் நம் காலம்வரை வந்ததும் அவ்வாறுதான்.