பொட்டலத்தின் மேல் யார் பெயர்?

குழம்பு மிளகாய்த்தூள் அரைக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பெயர் வைக்க நான்கு மாதம் ஆனது.

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். காலனியில் ஏழு பெண்கள் சேர்ந்த மகளிர் குழு, கூடவே களப்பணி பார்க்கும் நாங்கள் இரண்டு பேர். தெரிந்தவர்களுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். கடைக்குப் போக வேண்டுமென்றால் லேபிள் வேண்டும், லேபிளுக்குப் பெயர் வேண்டும்.

தொழில் பயிற்சி ஒன்றில் இதைத்தான் அரை நாள் பேசினார்கள். "ஜனங்க கம்பெனிய நம்ப மாட்டாங்க, மனுஷங்களத்தான் நம்புவாங்க. உங்க பேரு, உங்க முகம், உங்க கதை, இதான் பர்சனல் பிராண்ட்" என்றார் பயிற்சியாளர். இன்னொரு வழி, ஆளைச் சாராத தொழில் பெயர். ஆள் மாறினாலும் அது நிற்கும். இரண்டின் நன்மை தீமைகளையும் பலகையில் எழுதிப் போட்டார். தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பெயரைக் கேட்டதும் வாங்குகிறவர் கை நீளுமா, பின்வாங்குமா என்ற கேள்வி அந்தப் பலகையில் இல்லவே இல்லை.

ஐயங்கார் பேக்கரி, ஐயர் மெஸ், நாயுடு மெஸ் என்று நம் ஊர்களில் எத்தனை பலகைகள்! அங்கே சாதிப் பெயரே தரச் சான்றிதழ். எங்களுக்கு லேபிள் வரைந்து கொடுத்த தம்பி, நல்ல எண்ணத்தோடுதான், மடிசார் கட்டிய ஒரு பாட்டியைப் போட்டுக்கொண்டு வந்தான். "சமையல்னா இதாங்க்கா எடுக்கும்." குழுவில் ஒரு அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா எங்க வூட்டுக்கு வந்து தண்ணி குடிக்குமாடா?" என்று கேட்டார். அரை மணி நேரம் சிரித்தோம்.

முகம் என்றால் பெரியம்மாவின் முகம்தான். பக்குவம் அவருடையது. வறுபடும் மல்லியின் வாசனையை வைத்தே அடுப்பைத் தணிக்கச் சொல்கிறவர். அவர் பெயர் ஊர்த்தெய்வத்தின் பெயர். அந்தப் பெயரையும் முகத்தையும் போடலாம் என்று நாங்கள்தான் அடம்பிடித்தோம். படித்த சமூகவியல் அப்படிப் பேச வைத்தது. 2016இல் சந்திர பான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்றே பெயர் வைத்து மசாலாவும் ஊறுகாயும் இணையத்தில் விற்கத் தொடங்கியதைச் சொன்னோம். மும்பையில் சுதீர் ராஜ்பர் தன் கைப்பை நிறுவனத்துக்கு 'சமார் ஸ்டூடியோ' என்று பெயர் வைத்ததைச் சொன்னோம். வசவாகப் பயன்பட்ட சாதிப் பெயரையே பிராண்டாக்கியவர்கள் இவர்கள்.

பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: "நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவ பாப்பா. தூள் விக்கலன்னா வட்டி கட்டுறது நாங்க."

பதில் இல்லை எங்களிடம். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதென்று பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் தகராறு செய்தது அவர்களுக்கும் தெரியும். அரசாங்கச் சம்பளம் வாங்கியவருக்கே அந்தக் கதி. அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்னால், வெளிநாட்டில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள், தொழில் படுத்தது. அவர் படிப்பைவிடப் பெரிய பர்சனல் பிராண்ட் எது?

இன்னொரு சிக்கலும் இருந்தது, அது சாதி சம்பந்தப்பட்டதல்ல. பெரியம்மாவின் மகன் வந்து, "அம்மா பேருதான, அப்ப லைசென்சும் என் வூட்டு அட்ரஸ்ல எடுத்துடலாமே" என்றார். மற்ற ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே அளவு சந்தா கட்டிய ஏழு பேரில் ஒருத்தி முதலாளி, ஆறு பேர் கூலி என்று ஆக ஒரு லேபிள் போதும். பெரியம்மாவே முடித்து வைத்தார்: "எம் பேரு வேணாம். நான் போய்ச் சேந்தா படத்துக்கு மாலை போட்டா விப்பீங்க?"

கடைசியில் குழுவின் பெயரையே சுருக்கி வைத்தோம். மசாலாத் தூள் வணிகமுத்திரைச் சட்டத்தில் 30ஆம் வகை, ஊறுகாய் 29ஆம் வகை. எங்களைப் போன்ற சிறுதொழிலுக்கு இணையவழியில் விண்ணப்பித்தால் வகைக்கு 4,500 ரூபாய், ஆக 9,000. "பேருக்கே ஒம்பதாயிரமா!" என்று வாயைப் பிளந்தார்கள். இப்போதைக்குத் தூளுக்கு மட்டும் விண்ணப்பித்திருக்கிறோம். லேபிளின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஏழு பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. அதை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பெயரைப் பொதுவாக வைத்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி தயாரிப்பாளரின் முழு முகவரி லேபிளில் இருந்தாக வேண்டும். எங்கள் முகவரியில் 'காலனி' இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் பெண்களின் ரேஷன் கார்டில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் காலனி என்றால் எந்தத் தெரு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

டவுனில் ஒரு மளிகைக்கடைக்காரர் முதலில் ஐம்பது பொட்டலம் எடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பணம் வாங்கப் போனபோது அலமாரியில் பார்த்தோம். ஒவ்வொரு பொட்டலத்திலும் தன் கடை ஸ்டிக்கரைச் சரியாக முகவரியின் மேல் ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டோம். "வேற எங்கம்மா எடம் இருக்கு?" என்றார். முன்பக்கம் பாதி காலியாகத்தான் இருந்தது.

முப்பத்தெட்டு பொட்டலம் விற்றிருந்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டோம். இன்னும் நூறு கேட்டார்.

அந்த நூற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று குழுவில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. கொடுத்தோம். புது அச்சில் முகவரியை முன்பக்கம், பெயருக்குக் கீழேயே போட்டிருக்கிறோம், பெரிய எழுத்தில்.