அப்பா கீழே... நான் மேலே!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ் நிற்கும். அதில் ஏறி, 'செஞ்சிக் கோட்டை ரெண்டு' என்று கேட்டால் சுமார் 28 கிலோமீட்டருக்கு டிக்கெட் கிழிப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல அப்பாவுக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

ஆறாம் வகுப்பில் கணக்கு பாஸானால் கோட்டை என்று வாக்கு. பாஸாகித் தொலைத்தேன். அப்புறம் அவருக்கு ஆபீஸ், அக்கா கல்யாணம், வீட்டு லோன். இப்போது வயசு 71. போர்டில் என்ன ஊர் என்றுகூட என்னைக் கேட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

வழியெல்லாம் நெல்லும் மணிலாவும்தான். திடீரென்று லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு யாரோ பில் வாங்காமல் போனமாதிரி மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் மதில் போட்டு இணைத்திருக்கிறார்கள். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கானை வருஷக்கணக்கில் வெளியே காக்க வைத்தார். 1698-ல் ஒருவழியாகக் கோட்டை விழுந்தபோது ராஜாராம் எப்போதோ எஸ்கேப்! 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி.

கல்யாண மகால் நிழலில் அப்பா உட்கார்ந்துவிட்டார். "முட்டி ஒத்துக்காதுடா. நீ போ. மேலே போனதும் துண்டை ஆட்டு, நான் பாக்கறேன்."

ராஜகிரி சுமார் 800 அடி உசரம். ஆபீஸில் லிஃப்டே கதி என்று கிடக்கும் ஆசாமிகள் கவனிக்க: முதல் நூறு படி வரை தேசிங்கு ராஜா மாதிரி இருப்பீர்கள். (அவரே 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி, இருபத்திரண்டு வயசில் போய்ச் சேர்ந்தவர்.) அதற்கப்புறம் குரங்குகள் உங்களை அனுதாபத்தோடு பார்க்கும். பார்த்தபடியே கையிலிருக்கும் பையையும் பிடுங்கிக்கொள்ளும். என் வெள்ளரிப் பிஞ்சு அப்படித்தான் போயிற்று.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், எந்தப் படையும் உள்ளே வர முடியாது. குனிந்து பார்த்தேன், வயிற்றில் ஏதோ நழுவியது.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பீரங்கி. அப்புறம் காற்று! சட்டையைப் பிடித்து இழுக்கிற காற்று. கீழே வயல்கள் கட்டம் போட்ட லுங்கி மாதிரி விரிந்து கிடந்தன. குளம் ஒன்று வெயிலில் பளபளத்தது. ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடக்க, பஸ் ஒன்று பொறுமையாக நின்றது. ஹாரன் சத்தம் மட்டும் ரொம்ப லேட்டாக மேலே வந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ!

இறங்கி வந்தபோது மணி ஒன்றரை. அப்பா மணிலாக் கொட்டையை உடைத்து, எனக்கென்று ஒரு குவியல் தனியாக வைத்திருந்தார்.

"பாலம் இருக்கா?"

"இருக்குப்பா."

"நீ துண்டு ஆட்டினியே... பாத்தேன்டா!"

துண்டு என் தோளிலேயே கிடந்தது. ஏறின நிமிஷத்திலிருந்து அந்த ஞாபகமே எனக்கு இல்லை.

"நல்லா தெரிஞ்சுதாப்பா?" என்றேன்.

"நானும் ஆட்டினேனே... நீ பாக்கலே?"


"பாத்தேம்ப்பா" என்று மணிலாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.