பிளேடு வாங்கும் முன் நிலத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள்

புரட்டாசி விதைப்பு நெருங்கினால் காரியாபட்டிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பிரஷ் கட்டர் சத்தம் கேட்கிறது. பட்டாசு ஆலைக்கும் மில்லுக்கும் ஆட்கள் போய்விடுவதால், வரப்பு செதுக்கக்கூட ஆள் கிடைப்பதில்லை. மானியத்திலோ கடனிலோ மெஷின் வாங்கியவர்கள் அடுத்து என்னிடம் கேட்பது இதுதான்: “சார், எல்லாத்துக்கும் சேர்த்து நல்ல பிளேடு ஒண்ணு சொல்லுங்க.”

அப்படி ஒரு பிளேடு கிடையாது. “காட்டுல என்ன நிக்குது? அதுக்குக் கீழ என்ன கிடக்குது?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், பிளேடு எது என்று தானே தெரிந்துவிடும்.

அருகு, கோரை, இளம் பார்த்தீனியம் என்றால் நைலான் நரம்பு போதும். சுக்கான்கல் கிடக்கும் கரிசலுக்கும், கல்கால் வேலி ஓரத்துக்கும் இதுதான் ஏற்றது. கல்லில் பட்டால் நரம்பு அறுந்துபோகும், அவ்வளவுதான். ஆனால், மரக்கன்றுகளின் பட்டையை இது உரித்துவிடும். கன்றைச் சுற்றி ஒரு முழம் விட்டு, அதைக் கையால் கொத்துங்கள். நரம்பு சீக்கிரம் தேய்கிறது என்று கட்டுக்கம்பியையோ சங்கிலியையோ மாட்டுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அறுந்த கம்பித்துண்டு தோட்டா மாதிரி பாயும்.

முற்றிய களை, நாணல், விரல் தடிமன் வரையுள்ள புதருக்கு மூன்று பல் பிளேடு. மூன்று பல்லையும் அரத்தால் ஒரே அளவாகத் தீட்ட வேண்டும். ஒரு பல் மட்டும் தேய்ந்தால் மெஷின் உதறும், கை மரத்துப்போகும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட கருவைக்கு வட்ட ரம்பம். இதைப் புல்லுக்குப் போடக் கூடாது, கல் நிலத்திலும் போடக் கூடாது. ஒரு கிராமத்தில் புதருக்குள் மறைந்திருந்த எல்லைக்கல்லில் ரம்பம் மோதி, பல் ஒன்று தெறித்தது. பத்தடி தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கெண்டைக்காலில் அது ஏறிவிட்டது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதனால்தான் முதலில் ஒரு சுற்று நடக்கச் சொல்கிறேன். கல், முள்கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, மறைந்த கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மெஷின் ஓடும்போது 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஓட்டுபவருக்குக் கண்ணாடியும் பூட்ஸும் கட்டாயம். இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும். காய்ந்த புல்லில் ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சூடான மெஷினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

பெரும்பாலான மெஷின்களில் பிளேடு, மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே, தண்டை பிளேடின் இடது பக்கத்தால் வெட்டுங்கள். முன்பக்க வலது ஓரம் தடித்த தண்டில் பட்டால், மெஷின் உங்களையே உதைத்துத் தள்ளும்.

இன்னொன்று, ரம்பம் கருவையைச் சாய்க்கும், ஆனால் சாகடிக்காது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுக்குப் பிறகு தென் மாவட்டங்களில் ஜேசிபி வைத்துக் கருவையை அகற்றினார்கள். தூர் தங்கிய இடங்களில் அது மறுபடி துளிர்த்தது. ஒரு தண்டை வெட்டினால் நாலு தண்டு வரும். வெட்டிய கையோடு, மழை ஈரம் இருக்கும்போதே, ஓர் அடி ஆழம் தோண்டித் தூரை எடுத்துவிடுங்கள்.

பிளேடு மாற்றும்போது முதலில் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். பிளேடு நட்டு பெரும்பாலும் வலப்பக்கம் திருகினால்தான் கழலும். கடைக்குப் போகும்போது பழைய பிளேடையும் எடுத்துப் போங்கள், நடு ஓட்டை அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். பிளேடில் அச்சிட்டிருக்கும் சுழற்சி வேகம் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். நரம்புக்கும் ரம்பத்துக்கும் மூடி வேறு வேறு. அதையும் கேட்டு வாங்குங்கள்.