பாட்டா பார்த்த படம்

சிரிப்புப் படம் என்றால் நம்மில் யாருக்குத்தான் பிடிக்காது? வகுப்பு நடக்கும்போதே நோட்டுக்குள் மறைத்து வைத்துப் பார்க்கிற கூட்டமல்லவா நாம்! அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் ஒரு சிரிப்புப் படம் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாட்டாவுக்குக் கைநாட்டுதான். பனை ஏறி நெஞ்சும் காலும் காய்த்துப் போனவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, "ஏ மக்கா, எனக்க கண்ணாடிய கண்டியா?" என்று வீடு முழுக்கத் தேடுவார்.

சாயங்காலம் திண்ணையில் அவருக்குப் பழைய வார இதழ்களை வாசித்துக் காட்டுவது என் வேலை. பாக்கியம் ராமசாமி எழுதிய அப்புசாமி - சீதாப்பாட்டி கதை என்றால் அவருக்கு உயிர். குமுதத்தில் ஓவியர் ஜெயராஜ் போட்ட அப்புசாமியின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

அந்தத் தைரியத்தில் ஒருநாள் நானும் வரைந்தேன். டிராயிங் ஷீட்டின் பின்பக்கம் நாலு கட்டம். முதல் கட்டத்தில் பாட்டா கட்டிலுக்கு அடியில் கண்ணாடியைத் தேடுகிறார். இரண்டாவதில் பானைக்குள். மூன்றாவதில் கோழிக்கூட்டுக்குள். நாலாவதில் கோழி அவர் நெற்றியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறது. கீழே, 'கிழத்துக்குக் கண்ணும் போச்சு, மூளையும் போச்சு' என்று எழுதினேன். வகுப்பில் ஒரே ஆரவாரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஷீட்டை வீட்டில் மேசை மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாட்டா அதைக் கையில் வைத்திருக்கிறார்.

"இது நானாக்கும், இல்லியா?"

"ஆமா பாட்டா..."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

எத்தனையோ வாசித்துக் காட்டிய எனக்கு அன்று நாக்கு எழவில்லை. "கண்ணாடி எங்கன்னு எழுதியிருக்கு பாட்டா" என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அதுக்கு எழுத்து எதுக்கு மக்கா? படத்துலதான் இருக்கே!"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனந்த விகடனில் கோபுலு போட்ட வசனமில்லாத சிரிப்புப் படங்கள் ஞாபகம் வந்தன. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற படங்கள் அவை. ஆர்.கே. லட்சுமணனின் 'சாமானிய மனிதன்' ஞாபகம் வந்தார். 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்த கிழவர் அவர். வழுக்கைத் தலை, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி. வாயே திறக்க மாட்டார். ஆனால் அந்தப் படங்களில் நாம் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவர் பார்க்கிற உலகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். 2003இல் பக்கவாதம் வந்து லட்சுமணனின் இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பிறகும் அவர் வரைந்தார். லட்சுமணன், கோபுலு இருவருமே தொண்ணூறைக் கடந்து 2015இல் மறைந்தார்கள்.

முதுமையைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்புசாமி எவ்வளவு அடி வாங்குகிறார்! ஆனாலும் அடுத்த வாரம் புதுத் திட்டத்தோடு எழுந்து வருவாரே! அவருக்கு மூளை போய்விட்டது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியது நான்தான். அதுவும், அவரால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்!

காலையில் எழுந்ததும் அந்த வரியை ரப்பரால் அழித்தேன். அழுத்தி எழுதியதால் தடம் மட்டும் போகவில்லை. எனவே புது ஷீட்டில், எழுத்தே இல்லாமல், மறுபடி நாலு கட்டம் வரைந்து பாட்டாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார், நெற்றியில் இருந்து இறக்கிவிட்டேன். நாலாவது கட்டத்துக்கு வந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு விரலை வைத்து ஒரு குற்றம் சொன்னார்:

"எனக்குப் பல்லு ரெண்டு உண்டும்லா? நீ ஒண்ணுதான் போட்டிருக்க!"

இன்னொரு பல்லையும் போட்டுக் கொடுத்தேன். படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நண்பர்களே, யாரைப் பற்றி வேண்டுமானாலும் படம் போடுவோம், சிரிப்போம். ஆனால் கீழே எழுதியதை அவர்கள் முகத்தைப் பார்த்து வாசித்துக் காட்ட முடியுமா என்று மட்டும் ஒருமுறை யோசிப்போம்!